சி பிப்பை இனி யார் போடுவது?

சண்டைக்கு முதல் ஆளாக வந்து நிற்கும், சமாதானத்துக்கு மட்டும் ஆள் விட்டுக் கூப்பிட வைக்கும் என் ஸ்டெல்லாக்காவுக்கு,

மித்ரா இப்போதுதான் தூங்கினாள். ஒரு காதை அவளிடம் வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீ அவளைப் பிறந்த புதிதில் பார்த்ததோடு சரி. இப்போது தவழ்கிறாள். தவழ்ந்து நேராகப் போவது செருப்பு விடும் இடத்துக்குத்தான். "ஆம்பூர்ல பொறந்தது வேற எங்க போகும்?" என்று அவள் அப்பா சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. வாயில் எதைப் போட்டாளோ என்று விரலை விட்டுத் துழாவுவதே என் வேலையாகிவிட்டது.

நெட்பால் லீக் தொடங்கும் நாளில் ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். நம் கிளப்பின் வரலாற்றை அதற்கு எழுதித் தரச் சொன்னார் அன்வர் சார். "நீதானே பி.காம். படிச்சவ, ரெண்டு பக்கம் நீட்டா எழுதிக் குடும்மா" என்றார். நீட்டாகத்தான் உட்கார்ந்தேன். 'பெண் தொழிலாளர்களின் விளையாட்டு ஆர்வத்தை ஊக்குவிக்கும் உயரிய நோக்கத்துடன்' என்று முதல் வரி வந்தது. நீ படித்தால் பேப்பரை என் மூஞ்சியிலேயே எறிந்திருப்பாய். அடித்துவிட்டு உனக்கே எழுதத் தொடங்கிவிட்டேன். மலரில் போடுவதானால் இதையே போட்டுக்கொள்ளட்டும்.

உயரிய நோக்கம் எங்கே இருந்தது? நம் கிளப் ஒரு பொய்யில் பிறந்தது. நம்மிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வந்த அம்மா, பெண்கள் விளையாட ஏதாவது ஏற்பாடு உண்டா என்று கேட்டார். ஃபேக்டரியின் எச்.ஆர். ஆன அன்வர் சாருக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. "டீமே இருக்கு மேடம்" என்றார். அந்த அம்மா முகம் மலர்ந்து, "நெட்பாலா?" என்று கேட்டார். அவர் ஊரில் அதுதான் பெண்கள் ஆட்டமாம். "அதேதான் மேடம்" என்றார் அன்வர் சார். அடுத்த முறை வரும்போது பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா விமானம் ஏறிவிட்டார்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அன்வர் சார் நம் நடுவே வந்து நின்றது ஞாபகம் இருக்கிறதா? "யாருக்கெல்லாம் நெட்பால் தெரியும்?" நீ மட்டும் சாப்பிட்ட கையைத் தூக்கினாய். உனக்கும் தெரியாது. நான் தொடையில் கிள்ளினேன். "சும்மா இருடி, கையைத் தூக்குனா மெஷின்லேர்ந்து எழுந்து போவலாமில்ல" என்றாய்.

'நெட்' என்றால் வலைதானே என்று த்ரோபால் வலையைத்தான் கட்டினோம், கன்டெய்னர் லாரி வந்து நிற்கும் முற்றத்தின் குறுக்கே. அந்த அம்மா திரும்பி வந்து பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் கேட்கிறது. பிறகு கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நம்மோடு இறங்கி ஆடிக் காட்டினார். வலையை அவிழ்த்து, மெயின்டனன்ஸ் ஆளிடம் சொல்லி இரண்டு கம்பங்களில் வளையம் பற்றவைத்தார்கள். பின்னால் பலகை கிடையாது, வெறும் வளையம். "பாஸ்கட்பாலுக்கு முதுகை உடைச்சுட்டா இதுதான்" என்று நீ எல்லாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

மலரைப் படிப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ முறைக்காதே. நெட்பாலில் ஏழு பேர். ஒவ்வொருத்தியும் பிப் என்கிற கையில்லாத மேல்துணியை மாட்டிக்கொள்ள வேண்டும். அதில் இருக்கும் ஆங்கில எழுத்துதான் அவள் மைதானத்தில் எதுவரை போகலாம் என்று சொல்லும். சி என்றால் சென்டர். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடு வட்டத்தில் நின்று பந்தை எடுத்து விடுபவள் அவள்தான். ஸ்டெல்லாக்கா எங்கள் சி. நான் டபிள்யூ.ஏ., விங் அட்டாக். பெரும்பாலும் அவள் விடும் முதல் பந்து என்னிடம்தான் வரும்.

முதல் பிப்புகளை நீதான் தைத்தாய். ஷூவுக்கு உள்ளே வைக்கும் லைனிங் துணி, எழுத்துக்குச் சிவப்புத் தோல் துண்டு. வேலூரில் முதல் மேட்ச். பாதி ஆட்டத்தில் வேர்வையில் சாயம் இறங்கி எல்லார் மார்பிலும் சிவப்பு வழிந்தது. எதிர் டீம் காலேஜ் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "தோல் ஷாப்பு வாசனை தூக்குதுடி" என்றார்கள். நீ அவர்களிடம் போய், "வாசனை பிடிச்சிருந்தா சொல்லுங்க, உங்க காலேஜ் ஷூ எல்லாம் நம்ம சரக்குதான்" என்றாய். அது பொய். நாம் செய்வது அத்தனையும் கப்பலேறுகிறது என்று உனக்குத் தெரியும். அந்த மேட்சில் படுதோல்வி. திரும்பி வரும் வேனில் ஒருத்தியும் அதைப் பற்றிப் பேசவில்லை, உன் பதிலைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தோம்.

அதற்குப் பிறகு ஜெயித்ததெல்லாம் மலரில் வேறு யாராவது எழுதுவார்கள். மாவட்டம், மாநிலம், கோப்பை, முதலாளியோடு போட்டோ. ஃபேக்டரி டீம் கிளப் ஆனது. இப்போது சம்பளம் கொடுத்து ஆட வைக்கும் லீக்கில் நம் கிளப்பையும் சேர்த்திருக்கிறார்கள். இனி ஆட்டம்தான் வேலை. காலையில் பெல் அடித்தால் தையல் மெஷினுக்குப் போக வேண்டாம், கிரவுண்டுக்குப் போனால் போதும். நீ எத்தனை தடவை இதைக் கேட்டு அன்வர் சாரிடம் சண்டை போட்டிருப்பாய்? அது வந்தபோது நீ இல்லை.

மழைக்காலத்துக் காய்ச்சல் ஒன்று. ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து, "சரியாய்டுச்சு, பசிக்குது, உங்க வூட்டு ஊறுகா எடுத்துக்கினு வா" என்று மெசேஜ் போட்டாய். நான் பச்சைக் குழந்தையோடு இருந்தேன். நாளைக்கு இவரிடம் கொடுத்தனுப்புகிறேன் என்று பதில் போட்டேன். அந்த நாளை வரவில்லை. அதிலிருந்து மித்ராவுக்கு உடம்பு கொஞ்சம் சுட்டாலும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னால் அதிகமாகப் பயப்படுகிறேன். இதெல்லாம் யாரிடம் சொல்வது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னை வைத்து நாங்கள் ஒரு தப்பு செய்துவிட்டோம்.

உனக்கு அஞ்சலிக் கூட்டம் அதே லாரி முற்றத்தில் நடந்தது. அன்வர் சார் மைக்கைப் பிடித்தார். அவர் கிரிக்கெட் பைத்தியம் என்பது உனக்குத் தெரியும். அழுதுகொண்டே, "பெரிய பிளேயருங்க போனா அவங்க நம்பரை அப்புறம் யாருக்கும் குடுக்கமாட்டாங்க. நம்ம ஸ்டெல்லா போட்ட சி இனிமே இந்த கிளப்புல யாருக்கும் கிடையாது" என்றார். நீ கடைசியாகப் போட்ட பிப்பைக் கண்ணாடி பிரேமில் வைத்து உன் அம்மா கையில் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

சி இல்லாமல் நெட்பால் கிடையாது என்று அங்கே நின்ற டீமில் ஒவ்வொருத்திக்கும் தெரியும். ஆள் குறைந்தால் ஐந்து பேரை வைத்துக்கூட ஆடலாம், ஆனால் அந்த ஐந்தில் ஒருத்தி சி ஆக இருந்தே தீர வேண்டும். ரூல் அப்படி. அழுகைக்கு நடுவே அது யாருக்கும் தோன்றவில்லையா, தோன்றியும் வாய் வரவில்லையா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பிறகு மேட்ச் இல்லாததால் காலம் ஓடியது. பிராக்டீஸில் நடுவில் நிற்கிறவள் எழுத்தில்லாத வெள்ளை பிப்பைப் போட்டுக்கொண்டாள். போன வாரம் லீக் ஆபீஸிலிருந்து ஒரு பெண் அன்வர் சாருக்குப் போன் செய்தாள். "சார், உங்க டீம்ல சென்டர் காலியா இருக்கே" என்றாளாம். "காலி இல்லம்மா, மரியாதை" என்றாராம் சார். மரியாதையை இறக்க முடியாது, ஆளை இறக்குங்கள் என்று சொல்லிவிட்டாள்.

மீட்டிங் போட்டார். நம் கோல் கீப்பர் நஸ்ரீன்தான் பேசினாள்.

"சார், கிரிக்கெட்டுல எடுத்தது நம்பரு. இது எடம். மரியாதைன்னு கோல் கம்பத்தைப் புடுங்கிட்டு ஆட முடியுமா?"

"அரே, இதை அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க அழுவுறீங்க. அழுவுறவருகிட்ட போயி ரூல்ஸ் பேசுறதா?"

அன்வர் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஸ்டெல்லா அம்மாவுக்கு நான் எப்படி மொகத்தைக் காட்டுறது? யாராவது பக்குவமா போய்ச் சொல்லுங்கம்மா." ஒருத்தி ஜன்னலைப் பார்த்தாள், ஒருத்தி ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினாள். நஸ்ரீன் என்னைப் பார்த்தாள். "வினோ போவட்டும். அவதான் அதைப் போடப்போறா."

நான் போடப்போகிறேன் என்று யார் சொன்னது? நான் ஆடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆபரேஷன் செய்த வயிறு. டாக்டர் ஆடலாம் என்று சொல்லிவிட்டார்தான். குதித்து இறங்கினால் அடிவயிறு இழுக்கிறது, அதை அவரிடம் சொல்லவில்லை. "உன் கையும் என் கையும் கண்ணை மூடிக்கினு பேசும்" என்று நீ சொல்வாயே, அதை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். நீ விடும் பந்தை வாங்கியவள் நான். எடுத்து விடுகிறவள் இல்லையே.

இன்று காலை மித்ராவைத் தூக்கிக்கொண்டு பேர்ணாம்பட்டு பஸ் ஏறினேன். உன் வீட்டு வாசலில் இறங்கும்போதே உன் அம்மா பார்த்துவிட்டார்.

"வா, இப்பதான் வழி தெரிஞ்சுதா? நல்லா உருண்டுட்ட. இந்த ஒடம்பை வெச்சிக்கினு இன்னா பால் ஆடப்போற?"

"நஸ்ரீன் போன் பண்ணாளாம்மா?"

"எவளும் பண்ணல. காரியம் இல்லாம நீ இம்மாந்தூரம் வருவியா?"

மித்ராவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அவள் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்தார். தொண்டையில் மாட்டிக்கொள்ளும் என்று நான் கையை நீட்டினேன். என் கையில் ஒரு அடி விழுந்தது. "சப்பத்தானே போறா, உடு. இவளை வளத்த மாதிரி நான் ஒருத்தியை வளக்கல?" சுவரில் உன் போட்டோ. பக்கத்தில் கண்ணாடிக்குள் பிப். அந்தச் சுவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"அப்ப சட்டையை எடுத்துகினு போவ வந்திருக்க."

"இல்லம்மா. அது உங்களோடது. அங்க புதுசு தைச்சுட்டாங்க. அந்த எழுத்தை மட்டும்..."

"சர்ச்சுல பாஸ்டர் மைக்குல சொன்னாரு. நம்ம பொண்ணு போட்டதை இனிமே யாரும் போட மாட்டாங்கன்னு. தெருவே வந்து இதைப் பாத்துட்டுப் போச்சு. இப்ப நான் எவ எவ வூட்டுக்குப் போயி இல்லன்னு சொல்லட்டும்?"

தரையில் உதிர்ந்த முறுக்குத் துகளைப் பொறுக்கினேன்.

"நீயும் அன்னிக்குக் கை தட்டுன. இந்தப் புள்ளையத் தோள்ல போட்டுக்கினு தட்டுன. நான் பாத்தேன்."

"தட்டினேன்மா."

அவர் மித்ராவின் எச்சிலை முந்தானையால் துடைத்தார். பிறகு, "அதைப் போட்டுக்கினு அவ இன்னாதான் பண்ணுவா?" என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. உன் அம்மா ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை, இல்லையா? "என்னையும் கூப்புடுடின்னா, நீ வந்தா நான் அம்பயரைத் திட்ட முடியாதுன்னுடுவா" என்றார்.

வாசலில் இருந்த காலிக் குடத்தை எடுத்தேன். பந்துக்குப் பதிலாக அதுதான் கிடைத்தது. மேலே எறிந்து, தாவிப் பிடித்து ஒற்றைக் காலில் இறங்கிக் காட்டினேன். இந்தக் கால் இனி நகரக் கூடாது, பந்தோடு ஓடக் கூடாது, மூன்று விநாடிக்குள் அடுத்தவளிடம் விட்டுவிட வேண்டும், சி கைக்கு ஜாஸ்தி வரும், அவளே ஜாஸ்தி விட வேண்டும் என்று சொன்னேன். எதிர் வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இன்னா, தண்ணி வண்டி வந்துடுச்சா?" என்று தன் குடத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

உன் அம்மா சிரித்தே விட்டார். "ஸ்டெல்லாவா? கையில கெடச்சதை விடுவாளா அவ? மிக்சர் பொட்டலத்தைத் தலகாணிக்கு அடியில வெச்சிக்கினு தூங்குறவ."

"விடமாட்டாங்கம்மா. அதுக்குத்தான் அம்பயர் விசில் அடிச்சுக்கிட்டே இருப்பாரு."

"அதான் திட்டா."

"அதுக்குத்தான்."

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு முன்னால் அவர் நிறுத்திக்கொண்டார்.

"இதோ பாரு வினோ. எனக்கு இது புடிக்கல. நாளைக்குக் கேட்டாலும் புடிக்கலன்னுதான் சொல்லுவேன். சரி போட்டுக்கோன்னு எங்கிட்ட வாங்கிக்கினு போவலாம்னு பாக்காத. நான் குடுத்தா, பெத்தவளே வுட்டுட்டான்னு ஆயிடும். நீங்க ஆடணும், ஆடுங்க. நான் கோவமாத்தான் இருப்பேன். அது எனக்கு வேணும்."

முறுக்கை மித்ராவே சாப்பிடட்டும் என்று ஒரு காகிதத்தில் இன்னும் இரண்டைச் சுற்றிப் பையில் போட்டார். பஸ் வரும்வரை மித்ராவை என்னிடம் தரவில்லை. என்னோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஒன்றே ஓடியது. அவர் சம்மதித்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். முடியாது என்று ஒரேயடியாகச் சொல்லியிருந்தால் இன்னும் வசதி. கிளப்பிடம் போய், அம்மா மனசு கஷ்டப்படுகிறது, என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு மித்ராவைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்திருப்பேன். இரண்டையும் அவர் எனக்குத் தரவில்லை.

இவர் வேலையிலிருந்து வந்ததும் புலம்பினேன். ஸ்டெல்லாக்கா இடத்தில் எப்படி நிற்பது, ஸ்டெல்லாக்கா என்ன நினைப்பாள், ஸ்டெல்லாக்கா அம்மா இப்படிச் சொல்கிறாரே என்று. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். பிறகு, "உனக்கு ஆடணுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லு. சும்மா அந்த அக்காவை இழுக்காத, அவங்க பாவம்" என்றார்.

கோபம் வந்தது. எழுந்து போய்விட்டேன். பாத்திரம் கழுவும்போது அவர் கேட்டதற்குப் பதில் என்னிடம் இருப்பது தெரிந்தது. அக்கா, எனக்கு ஆட வேண்டும். காலையில் உன் வாசலில் அந்தக் குடத்தைத் தாவிப் பிடித்தேனே, அந்த ஒரு நொடி மித்ரா வாயில் என்ன இருக்கிறது என்று நான் நினைக்கவே இல்லை. அவள் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நொடி எனக்கு இருந்ததில்லை. அதைச் சொல்லவே பயமாக இருக்கிறது. நல்ல அம்மா இப்படி ஆசைப்படுவாளா? நீ இருந்தால் இந்தக் கேள்விக்கே திட்டியிருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் முதல் மேட்ச். இவர் மித்ராவோடு முதல் வரிசையில் உட்காருவார். நான் சி போட்டுக்கொள்கிறேன். உன்னைப் போல ஆட மாட்டேன், வராது. அம்பயரைத் திட்டவும் வராது. பந்து கைக்கு வந்ததும் பயத்திலேயே விட்டுவிடுவேன், அந்த வகையில் விசில் கம்மியாக இருக்கும். வயிறு இழுத்தால் நஸ்ரீனிடம் சொல்லி வெளியே வருவேன். மறைக்க மாட்டேன்.

இன்னொன்று. மேட்ச் முடிந்த மறுநாள் பேர்ணாம்பட்டு பஸ் ஏறி உன் அம்மா முன்னால் போய் நிற்பேன். ஜெயித்தாலும் தோற்றாலும். அந்த லீக் முழுக்க, ஒவ்வொரு மேட்சுக்குப் பிறகும். கோபம் வேண்டும் என்று சொன்னாரே, அதை வாங்கிக்கொள்ள எதிரில் ஒருத்தி வேண்டுமில்லையா? பேசாமல் இருந்தால் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். திட்டினால் கேட்டுக்கொள்வேன். அவருக்குக் கோபம் தீர்கிற நாள் வந்தாலும் போவதை நிறுத்த மாட்டேன், அக்கா. இது சத்தியம்.

உன் அம்மாவிடம் இனி உன் பங்குத் திட்டையும் சேர்த்து வாங்கப்போகிற தங்கச்சி,
வினோ